கைலிப் பாவுக்குத் தின் பாயிலிங்கா, ஆக்சிடைஸ்டா?

குடியாத்தத்தில் கைலிப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுகிறவர்கள் இரண்டு ஸ்டார்ச்சுகளுக்கு நடுவில்தான் யோசிப்பார்கள். ஒன்று, அமிலத்தில் மெலியவைத்த தின் பாயிலிங். மற்றது, ஹைப்போகுளோரைட்டில் பதப்படுத்திய ஆக்சிடைஸ்டு. நான் முதலாவதில் ஓட்டியபின் இரண்டாவதுக்கு மாறியவன். என் பேச்சு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

பதப்படுத்தாத பச்சை மாவைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கூழ் தடித்து நூலின் மேலேயே தங்கிவிடும். தறியில் இழை நுழைந்து போகும் விழுதிலும் அச்சிலும் உரசி உதிரும். பதப்படுத்திய இரண்டிலுமே நீண்ட ஸ்டார்ச் சங்கிலியை வெட்டியிருப்பதால் கஞ்சி இளகி நூலுக்குள் இறங்கும். மெஷின் நிற்காமல் ஓடும்வரை, தறியில் இழை அறுவதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையில் தின் பாயிலிங் மலிவு. சரி, பிறகு ஏன் மாறினேன்?

கஞ்சி போடும் மெஷின் நிற்கும் நேரம்தான் காரணம். கைலி என்றாலே சின்னச் சின்ன லாட். கலர் மாறும், கட்டம் மாறும், பாவு சுற்றும் உருளையான பீமை மாற்ற நிறுத்துவோம், நடுவில் கரண்ட் போகும். அப்போது தொட்டியில் கிடக்கும் கஞ்சி என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

அமிலம் சங்கிலியை வெட்டுகிறதே தவிர அதன் குணத்தை மாற்றுவதில்லை. வெட்டுப்பட்ட நேரான அமைலோஸ் துண்டுகள் ஆறும்போது பக்கம் பக்கமாகச் சேர்ந்து இறுகிவிடும். ஜெல்லி மிட்டாய் செய்ய இந்த ரக ஸ்டார்ச்சைத் தேடி வாங்குவது அதற்காகத்தான். நம் தொட்டியில் அதே குணம் தொல்லை: மேலே ஆடை படரும், ரோலரில் கட்டி ஒட்டும். திரும்ப ஆவி விட்டாலும் கட்டி முழுசாகக் கரையாது. அது ஏறிய இழை தறியில் அங்கேயே அறும்.

ஆக்சிடைஸ்டில் சங்கிலி வெட்டுப்படுவதோடு, அங்கங்கே கார்பாக்சில் தொகுதிகளும் முளைக்கின்றன. மின்னேற்றம் உள்ள அவை துண்டுகளை நெருங்கவிடாமல் தள்ளிவைக்கும். நின்ற கஞ்சியைச் சூடேற்றிக் கலக்கினால் பெரும்பாலும் அன்றைக்கே ஓட்டிவிடலாம். சாக்கடையில் கொட்டுவதும் குறைகிறது. இங்கே ஓடும் கௌண்டன்ய ஆறு பாலாற்றில்தான் சேர்கிறது. வேலூர்த் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்ன பாலாறு அது. தோல் கழிவில் இருக்கும் குரோமியம் ஸ்டார்ச்சில் இல்லைதான். ஆனால் அது அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

இன்னொரு லாபம், படலம் தெளிவாக இருப்பதால் மெரூன், கருநீலக் கைலியில் வெளுப்பு படராது. ஆனால் சரக்கில் குளோரின் மிஞ்சியிருந்தால் அந்தச் சாயமே போய்விடும். மூட்டை வந்ததும் கொஞ்சம் மாவைத் தண்ணீரில் கரைத்து, துளி வினிகரும் பொட்டாசியம் அயோடைடும் விட்டுப் பாருங்கள். நீலம் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தின் பாயிலிங்கிலும் இப்படி ஒரு சோதனை உண்டு: மிஞ்சிய அமிலம் உலர்த்தும் சிலிண்டர் சூட்டில் பருத்தியை இற்றுப்போக வைக்கும் என்பதால், பிஹெச் தாள் போட்டுப் பார்க்க வேண்டும்.

கார்பாக்சிமெத்தில் ஸ்டார்ச்சைக் கொஞ்சம்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரிலேயே கரையும், கஞ்சியை நீக்கும் என்சைம் இல்லாமல் அலசினாலே போய்விடும். பிளீச்சிங்குக்குப் போகிற துணிக்கு அது வரம். கைலி கஞ்சியோடுதான் கடைக்குப் போகிறது, அதற்கு எதற்கு அந்தச் செலவு?

இதெல்லாம் பருத்தி நூலுக்குச் சொன்னது. பாலியெஸ்டர் கலந்த நூல் என்றால் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) சேர்த்து ஓட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய லாட்டாக நிற்காமல் ஓட்டுகிறவர்களுக்குத் தின் பாயிலிங்கே போதும், மாற வேண்டியதில்லை.