மோதிரம் மாற்றிக்கொண்டு போவதா, தாலி கட்டிக்கொண்டு போவதா? அமெரிக்க வேலை அனுமதிக்கு இரு வழிகள்

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணக்கவிருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. நிச்சயமான நிலையில் போய் அங்கே மணம் முடிக்க கே-1 விசா. இங்கேயே திருமணத்தை முடித்துவிட்டுப் போக சிஆர்-1 விசா. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் "எது சீக்கிரம் கிடைக்கும்?" என்பதோடு நின்றுவிடுகிறது. போய் இறங்கியபின் எப்போது வேலைக்குப் போகலாம் என்று யாரும் கேட்பதில்லை. படித்து, சம்பாதித்து, தன் செலவைத் தானே பார்த்துப் பழகியவருக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி அதுதான்.

சிஆர்-1 விசாவில் போகிறவர், விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அனுமதித்த அந்த நேரத்திலிருந்தே நிரந்தரவாசி. பாஸ்போர்ட்டில் உள்ள விசாவின் மேல் நுழைவு முத்திரை விழுந்துவிட்டால், ஓராண்டுக்கு அதுவே கிரீன் கார்டுக்குச் சமம். அசல் கார்டு தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி மறுநாளே வேலையில் சேரலாம். விசா விண்ணப்பத்திலேயே, அங்கே சம்பளத்துக்கும் வரிக்கும் தேவைப்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கேட்டுவிட்டால், அந்த அட்டையும் வீடு தேடி வந்துவிடும்.

கே-1 கதை வேறு. இறங்கிய 90 நாளுக்குள் திருமணம் செய்ய வேண்டும். அதன் பிறகு கிரீன் கார்டுக்கு ஐ-485, வேலை அனுமதிக்கு ஐ-765 என்று தனித்தனி மனுக்கள். அனுமதி அட்டை கைக்கு வரும்வரை ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இறங்கியவுடனேயே வேலை அனுமதி கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அந்த அனுமதி முதல் 90 நாளோடு முடிந்துவிடும் என்பதால் கேட்டும் பயனில்லை. இந்தக் காலத்தில் வாங்கும் சமூகப் பாதுகாப்பு அட்டையிலும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி இருந்தால்தான் வேலைக்குச் செல்லுபடியாகும் என்று அச்சடித்தே தருகிறார்கள். சென்னை நிறுவனத்துக்கு அங்கிருந்தபடி மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து செய்யும் அந்த வேலையும் அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். அதில் கைவைக்காதீர்கள்.

என் சித்தி மகள் கே-1 வழியில் போனவள். இங்கே மருந்து நிறுவனம் ஒன்றில் நல்ல பொறுப்பில் இருந்தாள். அங்கே நேர்முகத் தேர்வில் தேறியும், "அட்டை வந்ததும் சொல்லுங்கள்" என்றவர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அவளை அதைவிட அதிகம் வாட்டியது பயணத் தடை. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, முன் அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால் மனுவைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். சித்தப்பாவுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தபோது அவளால் வர முடியவில்லை.

சிஆர்-1 தாமதமாகும் என்பது உண்மைதான். துணைவர் அங்கே போடும் ஐ-130 மனு, ஆவணங்களைச் சரிபார்க்கும் தேசிய விசா மையம், மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் என்று ஓராண்டைத் தாண்டுவது சகஜம். ஆனால் அந்தக் காத்திருப்பு முழுவதும் நீங்கள் உங்கள் ஊரில், உங்கள் வேலையில், உங்கள் சம்பளத்தோடு இருக்கிறீர்கள். இரண்டு வழியிலும் காத்திருக்கத்தான் வேண்டும். எங்கே, எந்த நிலையில் காத்திருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். என்னைக் கேட்டால், வேலை முக்கியம் என்பவர் சிஆர்-1 பக்கம்தான் போக வேண்டும்.

செலவும் அதையே சொல்கிறது. 2024 ஏப்ரலில் உயர்ந்த கட்டணப்படி கே-1 மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265, ஐ-485க்கு 1,440, அதனுடன் சேர்த்துக் கேட்கும் வேலை அனுமதிக்கு 260, மொத்தம் 2,640. சிஆர்-1 வழியில் காகித மனுவுக்கு 675, விசாவுக்கு 325, துணைவர் செலவைப் பார்த்துக்கொள்வதாகத் தரும் ஆதரவுப் பத்திரத்தின் பரிசீலனைக்கு 120, குடியேறிகள் கட்டணம் 235; மொத்தம் 1,355. மருத்துவப் பரிசோதனைச் செலவு தனி.

கே-1 பொருந்தும் இடங்களும் உண்டு. முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தத் திருமணத்துக்கு முன்பே பதினெட்டு வயது நிறைந்துவிட்டால், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை உறவை வைத்து சிஆர் வழியில் அழைத்துச் செல்ல முடியாது. கே-1இல் 21 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளை உடன் வரலாம். இருவருக்கும் இந்தியாவில் திருமணம் பதிவது சிக்கல் என்றாலும் கே-1 கைகொடுக்கும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று: கே-1 மணமாகாதவர்களுக்கான விசா. மண்டபம் பிடித்து, மாலை மாற்றி, பட்டுப்புடவையில் நடந்த நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்தால், திருமணமே முடிந்துவிட்டது என்று நேர்காணல் அதிகாரிக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் விசா மறுக்கப்படும். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும்.

சிஆர்-1 என்று முடிவெடுத்தால், திருமணச் சான்றிதழ் கையில் வந்தால்தான் ஐ-130 நகரும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். அந்தக் கெடுவுக்குக் காத்திராமல் மணமான வாரமே பதியுங்கள். இருவரும் வெவ்வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் அறிவிப்பு. பத்து நாள் விடுப்பில் வரும் மாப்பிள்ளையோ பெண்ணோ இதை முன்பே தெரிந்துகொண்டு டிக்கெட் போட வேண்டும்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மணம் முடித்துத் தங்கிவிடலாம் என்ற மூன்றாவது யோசனையை விட்டுவிடுங்கள். அந்த எண்ணத்தோடு நுழைந்தது தெரிந்தால் பொய்த்தகவல் தந்ததாகும். அதன் விளைவு வாழ்நாள் தடைவரை போகும். துணைவர் குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் கே-1 கிடையாது. மனைவி அல்லது கணவருக்கான எஃப்2ஏ வரிசையில்தான் நிற்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும், நிரந்தரவாசியாகும் நாளில் மணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்காவிட்டால் கிடைப்பது இரண்டு ஆண்டு நிபந்தனைக் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும். அதுவரையில் வேலை பார்க்கும் உரிமையில் எந்தக் குறைவும் இல்லை.