கடை மிஷினா, மிக்ஸியா, கை அரவையா? வீட்டுக் காபிக்கு ஏற்ற பொடி

காபி வாய்க்கவில்லை என்றால் முதலில் கொட்டையைக் குறை சொல்கிறோம், அடுத்துப் பாலை, அதற்கும் அடுத்துச் சிக்கரி விகிதத்தை. அரவையை அநேகமாக யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரே நாளில் வறுத்த ஒரே பிளாண்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அரபிகாவின் ஒரு தரம்) கொட்டையை இருவேறு பருமனில் அரைத்து இறக்கிப் பார்த்தால், ஒன்று புளிப்பும் தண்ணீருமாகவும் மற்றொன்று நாக்கில் ஒட்டும் கசப்பாகவும் வரக்கூடும். கொட்டையை அரைத்துக்கொள்ள நமக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன: வறுத்து விற்கும் கடையின் மிஷின், சமையலறை மிக்ஸி, கையால் சுற்றும் அரவை இயந்திரம். இவற்றில் எது மேல் என்பது, எந்தப் பாத்திரத்தில் காபி இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

பொதுவாக, நீரும் பொடியும் சேர்ந்திருக்கும் நேரம் கூடக்கூடப் பொடி பருமனாக இருக்க வேண்டும். எஸ்பிரெஸோவில் ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் அதற்கு மிகச் சன்னமான பொடி வேண்டும். பொடியை நீரில் ஊறவைத்து, சல்லடைத் தட்டால் கீழே அழுத்தி வடிக்கும் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் 4 நிமிடம் ஊறுவதால் அதற்கு ரவையைவிடப் பருமனான பொடி வேண்டும். நம் ஃபில்டர் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதில் நீர் கால் மணி நேரமும் அதற்கு மேலும் தங்கினாலும், பொடி ஓரளவு சன்னமாகத்தான் இருக்க வேண்டும். நீரைத் தள்ள அங்கே அழுத்தம் எதுவும் இல்லை. தன் எடையால் மட்டுமே இறங்கும் நீரைத் தடுத்து நிறுத்தும் வேலையைப் பொடியே செய்கிறது. பொடியின் அளவுக்கு நீர் மிகக் குறைவு என்பதால்தான் அத்தனை நேரம் ஊறியும் டிகாஷன் கசப்பில் முடியாமல் கெட்டியாக இறங்குகிறது.

ஆகவே ஃபில்டருக்கு அரவையின் சீர்மை மற்றப் பாத்திரங்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. மிக்ஸி தோற்பதும் இங்கேதான். மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து உடைக்கிறது. அடியில் சிக்கியது மாவாகும்போது மேலே இருப்பது நொய்யாகவே நிற்கிறது. அதை ஃபில்டரில் போட்டுக் குடையை வைத்து அழுத்தினால், மாவு துளைகளை அடைத்துக்கொண்டு மேல் பாத்திரத்தில் நீர் அப்படியே நிற்கும். தட்டி இறக்கினால் அந்த மாவே டிகாஷனோடு இறங்கி டம்ளரின் அடியில் மண்டியாகப் படியும். நிறுத்தாமல் ஓட்டும் மிக்ஸியின் சூடு நறுமணத்தையும் கொண்டுபோய்விடும். கறுக்க வறுத்த கொட்டை எளிதில் நொறுங்குவதால் அதில் மாவு இன்னும் அதிகம்.

கடை மிஷினில் கொட்டை இரண்டு உருக்குத் தகடுகளுக்கு இடையே குறிப்பிட்ட இடைவெளியில் நசுங்கி வெளியேறுவதால் பொடி ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். பீபெரியும் (பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை) பிளாண்டேஷன் ஏயும் கலந்து பாலோடு ஃபில்டர் காபி மட்டும் குடிக்கும் வீட்டுக்குக் கடை அரவையே போதும், அதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சில விஷயங்களைக் கேட்டுப் பெற வேண்டும். சிக்கரி இல்லாமல் கேட்கிறவர்கள், முந்தைய வாடிக்கையாளரின் கலவை மிஷினில் தங்கியிருக்கும் என்பதால் முதலில் விழும் ஒரு பிடிப் பொடியைத் தனியே எடுத்துவிடச் சொல்லலாம். பொடி உறையில் விழும்போது கையில் பட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சூடு தணிந்த பிறகே டப்பாவை இறுக மூட வேண்டும். அரை கிலோவாக வாங்குவதைவிட, ஒரு வாரத்துக்குக் காணும் 200 கிராம் வாங்குவதே நல்லது. அரைத்த பொடியின் மணம் கொட்டையின் மணத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் போய்விடும்.

கை அரவை இயந்திரத்தின் மதிப்பு, பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரம் வைத்திருப்பவர்களுக்கும்தான் முழுமையாகத் தெரியும். காலையில் ஃபில்டர், மாலையில் ஃபிரெஞ்ச் பிரஸ் என்றால் கடைப் பொடி ஒன்றுக்குத்தான் பொருந்தும். கை இயந்திரத்தில் பருமனை மாற்றும் திருகைச் சில படிகள் நகர்த்தினால் போதும். அச்சு ஆடாத, எஃகு அரவைப் பற்கள் இருக்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்க வேண்டும். பீங்கான் பற்கள் உள்ள மலிவு வகைகளில் அச்சு ஆடுவதால், பருமனாக அரைக்கும்போது பொடி சீர்கெட்டு மிக்ஸிப் பொடியைப் போலவே ஆகிவிடும். ஒருமுறைக்கு 20, 30 கிராம்தான் கொள்ளும் என்பதால் ஐந்து பேர் உள்ள வீட்டில் தினமும் காலையில் இதைச் சுற்றுவது உண்மையிலேயே சிரமம். சிக்கரியை இதில் போடவே கூடாது. அது ஈரத்தை இழுத்துப் பற்களில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். தூளாக வாங்கி, அரைத்த பொடியில் பிறகு கலந்துகொள்ளலாம். காபிப் பொடியில் நீரில் கரையக்கூடிய பகுதி ஏறக்குறைய 30 விழுக்காடுதான்; சிக்கரியில் அது இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால், சிக்கரி சேர்ந்த பொடி சற்றுப் பருமனாக இருந்தாலும் டிகாஷன் கெட்டியாகவே தெரியும்.

இத்தாலியில் 1933இல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பெயரோடு வந்த, அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தால் காபி இறக்கும் மோகா பாட்டுக்குக் கடையின் ஃபில்டர் பொடி சிக்கரியில்லாமல் ஓரளவு பொருந்தும். அதைக் கூடையில் அழுத்தாமல், தளர்வாக நிரப்ப வேண்டும். காகித வடிகட்டியில் இறக்குவதற்கு அதைவிடச் சற்றுப் பருமனாக அரைத்தால் போதும். வீட்டு எஸ்பிரெஸோவுக்கு இந்த மூன்றையும் நம்ப முடியாது. நுண்ணிய படிகளில் திருகக்கூடிய, அதற்கென்றே செய்த இயந்திரம் தேவை.

மிக்ஸியைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். காய்ந்த சிறிய ஜாரில் கொட்டையைப் பாதிக்கும் குறைவாகப் போட்டு, பல்ஸ் விசையை ஓரிரு வினாடிகள் மட்டும் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஜாரைக் குலுக்க வேண்டும். பிறகு மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் கொரகொரப்பை மட்டும் பிரஸ்ஸில் போட வேண்டும். கீழே விழும் மாவை ஃபில்டரில் சேர்க்கக் கூடாது.