கிளினிக் அறைக்குப் பின்னால் ஒரு மேசை: கொழும்பின் ஆரம்ப சுகாதார நிலையக் குழுக்களுக்கு எத்தனை புள்ளி?

ஒரு சுகாதார நிலையத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது, நம்பர் எடுக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும், வைத்தியர் ஆறுதலாகப் பேசினாரா, மருந்து உள்ளே கிடைத்ததா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்த மதிப்பீடு அந்த அறைக்குப் பின்னால் கூடும் மேசையைப் பற்றியது. நண்பர்கள் குழு, அபிவிருத்திக் குழு, நோயாளர் நலன்புரிச் சங்கம் என்று இடத்துக்கொரு பெயர் இதற்கு உண்டு. பொறுப்பு வைத்தியர், தாதியர், பொதுச் சுகாதார பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், ஊரில் நாலு பேர் மதிக்கும் சிலர் ஆகியோர் பெரும்பாலும் அதில் இருப்பார்கள். 2018 இல் உலக வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனுதவியோடு தொடங்கிய ஆரம்ப சுகாதாரப் பலப்படுத்தல் திட்டத்தின் காலத்தில் நண்பர்கள் குழு என்ற பெயர் பரவலாகக் காதில் விழத் தொடங்கியது. குழு அமைப்பது பெரிய வேலையில்லை. அது எதைப் பார்க்கிறது என்பதில்தான் நிலையத்துக்கு நிலையம் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கொழும்பில் இந்த மேசை மற்ற ஊர்களை விட அவசியமானது. இங்கே ஆரம்ப சுகாதாரத்துக்கு ஒரே வீட்டுக்காரர் இல்லை. மாநகர எல்லைக்குள் டிஸ்பென்சரிகளும் தாய் சேய் கிளினிக்குகளும் நுளம்பு ஒழிப்பும் மாநகரசபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் கையில் இருக்கின்றன. தேசிய வைத்தியசாலையும் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் நேரடியாகச் சுகாதார அமைச்சின் கீழ் வருபவை. கொலன்னாவைக்குப் போனால் மேல் மாகாணம், கொழும்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். மட்டக்குளியிலிருந்து களனி ஆற்றைத் தாண்டி வத்தளைக்குள் கால் வைத்தால் கம்பஹாப் பிராந்தியம். நாட்டில் இப்படி 26 பிராந்தியங்கள். மாவட்டத்துக்கு ஒன்று, கல்முனைக்குத் தனியாக ஒன்று. பிரசவத்துக்காக மட்டக்குளியிலிருந்து வத்தளையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகும் பெண் மாநகரசபை, கம்பஹாப் பிராந்தியம் என்ற இரண்டு நிர்வாகங்களின் குடும்ப நல உத்தியோகத்தர்களிடம் பதிய வேண்டியிருக்கிறது. அவள் கையில் இருக்கும் எச் 512 ஏ என்ற கர்ப்பப் பதிவு அட்டைதான் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒரே நூல். அதை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் இரத்தப் பரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்குவார்கள்.

அவுஸ்திரேலியாவில் 2015 ஜூலையில் 31 ஆரம்ப சுகாதார வலையமைப்புகளைத் தொடங்கியபோது அவற்றை நடத்தும் பொறுப்பைக் கம்பனிகளிடம் கொடுத்து, திறமை பார்த்துத் தெரிவுசெய்த பணிப்பாளர் சபையை மேலே வைத்தார்கள். வைத்தியம் தெரிந்தவர்களுக்கு ஒரு மருத்துவ ஆலோசனை மன்றம், பொதுமக்களுக்கு ஒரு சமூக ஆலோசனைக் குழு என்று இரண்டையும் பிரித்தார்கள். நம் நிலையக் குழுவில் இந்த மூன்று வேலையும் ஒரே மேசையில், பின்னேரம் ஒரு மணித்தியாலத்தில் நடக்கின்றன. அதனால் குரல் உயர்ந்தவரின் விடயமே முடிவாகிறது. பெரும்பாலும் அது கட்டடம்.

கட்டட வேலைக்கு இந்தக் குழுக்களுக்கு ஐந்தில் நான்கு புள்ளி தாராளமாகக் கொடுக்கலாம். கூரைத் தகடு, கதிரை, மின்விசிறி, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம் எல்லாம் விரைவாக வந்து சேர்கின்றன. நன்கொடையாக வரும் கருவிகளில்தான் சறுக்கல். இரத்தச் சீனி பார்க்கும் மெஷின் ஒன்றை யாராவது தருவார்கள், படம் எடுப்பார்கள். அந்த மெஷினுக்கு அதே கம்பனியின் சோதனைப் பட்டிகள்தான் பொருந்தும். ஒரு கிளினிக் நாளில் 60 பேருக்குப் பார்த்தால் 50 பட்டிப் போத்தல் ஒன்று போதாது. போத்தலைத் திறந்தபின் பல வகைகளுக்கு மூன்று முதல் ஆறு மாதமே ஆயுள். மூடியைச் சரியாக மூடாவிட்டால் கொழும்பின் ஈரக்காற்று அதற்கு முன்பே பட்டியைக் கெடுத்து, வாசிப்பைப் பிழையாக்கும். ஆகவே கருவியை ஏற்குமுன் குழு கேட்க வேண்டியவை இரண்டு: பட்டிக்கு அடுத்த ஒரு வருடம் யார் காசு கொடுப்பது, பழுதானால் எங்கே திருத்துவது? பதில் எழுத்தில் இல்லாவிட்டால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புவதே நல்லது.

பிரஷர் மெஷினும் அப்படித்தான். ஒரே அளவுக் கைப்பட்டியோடு வரும் மெஷின் பருத்த கையில் உள்ளதை விடக் கூட்டிக் காட்டும். மெலிந்த கையில் குறைத்துக் காட்டும். நடுத்தரமும் பெரியதுமாக இரண்டு பட்டிகளாவது தேவை. வருடத்துக்கு ஒருமுறை அளவுச் சோதனை வேண்டும். வரிசையில் நின்று களைத்து வந்தவரை ஐந்து நிமிடம் இருக்கவைத்த பிறகே பட்டியைச் சுற்ற வேண்டும் என்பதற்கு ஒரு வாங்கு போட்டாலே போதும். அந்த வாங்கைப் போட முடிவெடுக்கும் குழு, வைத்தியம் படிக்காமலே வைத்தியத்தைத் திருத்துகிறது.

மருந்து இருப்பு விடயத்தில் ஐந்தில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்துத் தட்டுப்பாடு என்ற சொல் எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது. தட்டுப்பாட்டில் ஒரு பங்கு மேலிருந்து வருவது உண்மை. அதை நிலையக் குழுவால் மாற்ற முடியாது. இன்னொரு பங்கு கணக்கில் விடும் பிழை. ஒரு நிலையத்தில் 400 பேர் சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின் 500 மில்லிகிராம் நாளுக்குச் சராசரி மூன்று குளிசை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 28 நாளுக்கு 33,600 குளிசை. கிளினிக் ஒரு கிழமை பிந்தினால் 35 நாளுக்கு 42,000. இந்த 8,400 குளிசையின் இடைவெளியை யாரும் கணக்கில் எடுக்காதபோதுதான் ‘மருந்து முடிந்துவிட்டது, வெளியே வாங்குங்கள்’ என்ற துண்டு கையில் வருகிறது.

அந்த ஒரு கிழமை எங்கிருந்து வருகிறது? போயா என்ற பூரணை விடுமுறையிலிருந்து. நான்கு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை வரச்சொல்லி 28 நாள் மருந்து கொடுப்பார்கள். பூரணைக்கும் பூரணைக்கும் இடையே இருபத்தொன்பதரை நாள். கிளினிக் வட்டமும் நிலா வட்டமும் மெல்ல மெல்ல விலகி, மறுபடி எப்போதாவது ஒரே நாளில் விழும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளியும் அதோடு சேரும். விடுமுறை நாளில் வந்த நோயாளியைக் காவலாளி திருப்பி அனுப்புவார். அடுத்த செவ்வாய் வரை அவரிடம் பிரஷர் குளிசை இராது. ஏழு நாள் பிரஷர் குளிசை இல்லாமல் இருப்பது விளையாட்டில்லை. பாரிசவாதம் அந்த ஏழு நாளிலும் வரலாம். இதற்கான தீர்வுக்கு ஒரு சதமும் செலவில்லை. அடுத்த வருட அரச விடுமுறைப் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடுகிறது. டிசம்பர் கூட்டத்தில் அதையும் கிளினிக் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்து, மோதும் திகதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதற்கு முந்திய கிளினிக்கில் 35 நாள் மருந்து கொடுக்கும்படி எழுதிவைக்க வேண்டும். மருந்தாளர் அந்த மாதத்துக்கான மருந்துக் கோரிக்கைப் பத்திரத்தையும் அதற்கேற்பக் கூட்டி அனுப்புவார். நல்ல குழுவை அடையாளம் காண இதை விட இலகுவான சோதனை இல்லை: சுவரில் அந்தச் சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்சுலின் வைத்திருக்கும் நிலையமென்றால் குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்க்க வேண்டும். 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் வாசிப்பை எழுதும் தாள் கதவில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எல்லா வாசிப்பும் ஒரே பேனையால் ஒரே எழுத்தில் ‘5’ என்று இருந்தால் அது ஒரே மூச்சில் நிரப்பப்பட்ட தாள். உறைநிலைப் பெட்டியை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்து கெட்டுவிடும். உருகியபின் பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியக்கூடும் என்பதால் ஆபத்து கூடுதல்.

குழுவுக்கு வரும் எண்ணிக்கைகளில் ஏமாற வேண்டாம். 2011 இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் பிரஷர், சீனி, உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு என்று பார்த்து இருதய ஆபத்தைக் கணிக்கின்றன. அருமையான சேவை, இலவசமும்கூட. ஆனால் ‘இந்த மாதம் 180 பேரைச் சோதித்தோம்’ என்ற வரி தனியாக ஒன்றும் சொல்லாது. அதில் புதியவர்கள் எத்தனை பேர்? ஆண்கள் எத்தனை பேர்? இந்த நிலையங்களுக்கு ஆண்கள் குறைவாகவே வருவது நாடு முழுவதும் அறிந்த குறை. காரணம் வேலை நாள் காலை நேரம். புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர் ஒரு காலையை விட்டால் ஒரு நாட்கூலியை விடுகிறார். அவரிடம் ‘உங்கள் ஆரோக்கியத்தில் அக்கறை இல்லையா’ என்று கேட்பது அநியாயம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அல்லது மாலை ஐந்து மணிக்குப் பிறகு சந்தைக்கே போய் ஒரு முறை என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் குழு கடிதம் எழுத வேண்டும். கூட்டறிக்கையில் ‘ஆண்களின் வருகை குறைவு’ என்று வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பதால் ஒருவரும் வரப்போவதில்லை.

இதை விட முக்கியமான எண் ஒன்று உண்டு. பிரஷருக்கு மருந்து எடுப்போரில் கடைசி வரவில் 140/90 க்குக் கீழே இருந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? இதைக் கணிக்கக் கணினி தேவையில்லை. கிளினிக் பதிவேட்டிலிருந்து ஒன்றுவிட்டொன்றாக ஐம்பது பெயரை எடுத்தால் அரை மணித்தியாலத்தில் முடியும். கூடவே, குறித்த நாளுக்கு வராமல் விட்டவர்களின் பட்டியலைப் பெயரில்லாமல் தெருவாரியாகக் குழுவிடம் கொடுத்தால் எங்கே போய் விசாரிக்க வேண்டுமென்பது தெரியும். நோயாளியின் பெயரும் வருத்தமும் குழு மேசைக்கு வரவே கூடாது. கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் யாருக்கு என்ன வருத்தம் என்பது ஒரு பின்னேரத்தில் எல்லா மாடிக்கும் தெரிந்துவிடும்.

மொழிக்கு ஐந்தில் ஒன்று. கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுகள் இரண்டும் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அப்படியிருந்தும் மருந்து உறையில் தமிழைக் காண்பது அரிது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது இங்கே வெறும் சம்பிரதாயமல்ல. தைரொயிட் குளிசையை வெறும் வயிற்றில் எடுத்து அரை மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும். மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டோடு எடுக்காவிட்டால் வயிற்றைக் கலக்கி, நோயாளியே அதை நிறுத்திவிடுவார். சூரியன், நிலா, சாப்பாட்டுக் கோப்பை படங்களோடு சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்ட ஒட்டுத்தாள் இதைத் தீர்த்துவிடும். பெயின்ட் வாளிக்குக் காசு சேர்க்கத் தெரிந்த குழுவுக்கு இது கஷ்டமே இல்லை. தமிழ் பேசுவோர் வாழும் வட்டாரத்தில், கூட்டத்தில் தயக்கமில்லாமல் எழுந்து தமிழில் பேசக்கூடிய இரண்டு பெண்களாவது குழுவில் இருக்க வேண்டும். கிளினிக்குக்கு அதிகம் வருபவர்கள் அவர்கள்தானே.

காசைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம், ஒவ்வொரு நன்கொடைக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, வருடக் கணக்கு அறிவித்தல் பலகையில்.

கூட்டறிக்கையைக் காட்ட மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. கடிதத்தில் ‘எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் இழுபடும். ‘கடந்த நான்கு கூட்டங்களின் அறிக்கை, கடந்த ஆறு மாதத்தில் மெட்ஃபோர்மினும் லொசார்ட்டனும் கைவசம் இல்லாத நாட்களின் எண்ணிக்கை’ என்று கேட்டால் பதிலும் அப்படியே குறிப்பாக வரும்.

உங்களைக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டால் சேருங்கள். முதல் கூட்டத்துக்குப் போகுமுன் கடந்த கூட்டறிக்கையையும் மருந்து இருப்புத் தாளையும் அடுத்த மூன்று மாதக் கிளினிக் நாட்களையும் கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சிநிரலில் மருந்தையும் வராமல் விட்டவர்களையும் முதலாவதாகவும், கட்டடத்தைக் கடைசியாகவும் போடச் சொல்லுங்கள். பின்னேரம் ஐந்தரைக்கு எல்லோரும் பஸ் பிடிக்க எழும்பும்போது மிச்சமிருப்பது சுவருக்கு எந்த நிறம் அடிப்பது என்பதாக இருக்கட்டும்.