குக்கர் கேக்கும் ஓடிஜி கேக்கும்

வீட்டில் கேக் சுடுவதைப் பொழுதுபோக்காகத் தொடங்க விரும்புவோர் முதலில் தயங்குவது, இருக்கிற பிரஷர் குக்கரே போதுமா, ஓடிஜி (OTG) எனப்படும் சிறு மின் அடுப்பு ஒன்றை வாங்கிவிடலாமா என்னும் கேள்வியில்தான்.

குக்கருக்குத் தனிச் செலவில்லை. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து 10 நிமிடம் சூடேற்றிய பின் மாவுப் பாத்திரத்தை இறக்கிச் சிறு தீயில் விட்டால், ஏறத்தாழ 40 நிமிடத்தில் கேக் வெந்துவிடும். தண்ணீரின்றிக் காய்வது குக்கருக்கு நல்லதன்று என்பதால், பழைய குக்கர் ஒன்றை இதற்கென ஒதுக்குவதே முறை. வெப்பம் பெரும்பாலும் கீழிருந்தே வருவதால் மேற்பரப்பு வெளிறியே இருக்கும்; பொறுமையிழந்து பாதியில் மூடியைத் திறந்தாலோ, இன்னும் இறுகாத நடுப்பகுதி அமுங்கிவிடும்.

ஓடிஜியின் இன்பம் அதன் கண்ணாடிக் கதவில் இருக்கிறது. 180 டிகிரி செல்சியஸில் மாவு மெல்ல எழும்புவதையும், சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து மேற்பரப்பு பொன்னிறமாவதையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். என் கணக்கில் பாதி மகிழ்ச்சி அதுதான். மேலும் கீழும் கம்பிகள் சூடாவதால், குக்கரில் அரைகுறையாகவே வரும் பிஸ்கட்டும் ஈஸ்ட் ரொட்டியும் இதில் ஒழுங்காக வெந்து வரும். எனவே ரொட்டியில் ஆசை வைத்தவருக்கு ஓடிஜியே பொருந்தும்; எப்போதோ ஒரு பிறந்தநாளுக்குச் சுடுபவர் அதை வாங்கிச் சமையல் மேடையை அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாங்குபவர், திருகு குமிழ் காட்டும் சூடும் உள்ளிருக்கும் சூடும் பல அடுப்புகளில் ஒத்துப்போவதில்லை என்பதால், உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.