வெடித்த எஞ்சின் புளொக்கை நெருப்பு வைக்காமல் தைத்துத் தரும் பட்டறை: திருகோணமலை அனுபவம்

திருகோணமலையில் வெடித்த புளொக்கை நம்பிக் கொடுக்க இடம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. கண்டி வீதியில் பாலையூற்றுப் பக்கம், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு லேத் பட்டறை. வெளியே பழைய படகு எஞ்சின்கள் அடுக்கிக் கிடக்கும், அதுதான் அடையாளம். எங்கள் மெசி 240 டிராக்டரின் புளொக்கை, அதாவது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலை, இவர்கள்தான் காப்பாற்றித் தந்தார்கள். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதுகிறேன்.

வயல் தம்பலகாமத்தில். பெரும்போக உழவு நேரம் ஃபேன் பெல்ட் அறுந்து, ரேடியேட்டர் கொதித்து, இருந்த தண்ணீரெல்லாம் வெளியே போன பிறகு, கூலிக்கு ஓட்டிய பையன் பதற்றத்தில் வாய்க்கால் தண்ணீரை வாளியால் அள்ளி அப்படியே ஊற்றிவிட்டான். வார்ப்பிரும்புக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. நசுக்கினால் எவ்வளவோ தாங்கும், ஆனால் இழுத்தால் தாங்காது, இழுவிசையைப்போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிற இரும்பு அது. கொதித்த புளொக்கின் உள்பக்கம் திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது நடப்பது இழுவைதான். பக்கவாட்டில், புளொக்கின் மேல் மூடியான ஹெட்டுக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டின் சுவரில் ஒரு சாணுக்கும் குறைவான கோடு. எஞ்சின் சூடானால் அந்தக் கோட்டில் தண்ணீர் வியர்க்கும், ஆறினால் நின்றுவிடும்.

முதலில் வேறொரு கராஜில் கொடுத்தோம். ஹெட்டைக்கூடக் கழற்றாமல், கேட்டுக்கும் ஜன்னல் கிராதிக்கும் அடிக்கிற சாதாரண வெல்டிங் ரொட்டை எடுத்து மேலால் ஒரு வெல்டிங் இழுத்தார்கள். ஆறும்போதே டிக் டிக் என்று சத்தம் வந்தது. வெல்டிங் கோட்டுக்குப் பக்கத்தில், நல்ல இரும்பில், புதிதாக இன்னொரு வெடிப்பு. கூலியும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் வெடிப்பு ஒன்றோடு நின்றிருக்கும்.

பாலையூற்றில் பட்டறைக்கார நானா புளொக்கைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதுக்கு மேல ஆர் நெருப்பு வச்சது?" விலை பேசவில்லை, எப்போது தருவேன் என்றும் சொல்லவில்லை. முழுசாகக் கழற்றி, கழுவி, வெறும் புளொக்காகக் கொண்டு வந்தால்தான் பார்ப்பேன் என்றார். அது எங்களுக்கு வேறு ஒரு மெக்கானிக் செலவு. ஆனால் நியாயமான பேச்சு.

கொண்டுபோன அன்று வெடிப்பு எதுவரை போகிறது என்று தேடியதை நின்று பார்த்தேன். பெயின்ட்டைச் சுரண்டி, அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே வெண்கட்டித் தூளைத் தூவினார். கண்ணுக்குக் காய்ந்துபோய்த் தெரிந்த இரும்பிலிருந்து வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்ல ஊறி வந்து வெண்கட்டியில் ஈரக் கோடாக விழுந்தது. நாங்கள் வெடிப்பு முடிகிறது என்று நினைத்த இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரல் அகலம் போயிருந்தது! இதற்கென்றே சிவப்புச் சாயமும் வெள்ளை ஸ்பிரேயும் விற்கிறார்கள், அவரிடம் அதுவும் இருக்கிறது, இரண்டாவது தடவை அதாலும் பார்த்தார். இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

ஏன் வெல்ட் பண்ண மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். "பண்ணலாம் தம்பி, ஆனா அதுக்கு முழு புளொக்கையும் ஒரே சூட்டில வச்சிருக்கோணும். என்னட்ட அந்த அடுப்பு இல்ல. இல்லாத அடுப்ப வச்சு உனக்குப் பொய் சொல்ல மாட்டன்." விஷயம் இதுதான். வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது, அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கும். ஓரிடத்தை மட்டும் உருக்கினால் அந்தக் கார்பன் கரைந்து, வேகமாக ஆறும்போது கண்ணாடிபோல் கடினமான, நொறுங்குகிற ஒரு படை உண்டாகும். சுற்றியிருக்கிற இரும்பு குளிராக, நீளாமல் நிற்கும், வெல்டிங் சுருங்கும், நடுவில் அந்த நொறுங்கும் படை, அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? முறையாகச் செய்கிறவர்கள் முழு வார்ப்பையும் 500, 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, வெல்ட் பண்ணி, சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். இல்லையென்றால் நிக்கல் ரொட்டால் ஒரு அங்குலம் அடித்து, உடனே சுத்தியலால் மெதுவாகத் தட்டி, கை வைக்கிற சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து அடுத்த அங்குலம். எஞ்சினுக்கு வெளியே பூட்டுகிற மேனிஃபோல்டு உடைந்தால் அதற்கு நானாவும் நிக்கல் ரொட் பாவிக்கிறார். புளொக்கின் தண்ணீர் ஜாக்கெட்டுக்கு மட்டும் தையல்தான் என்பது அவர் முடிவு, பார்த்த பிறகு என் முடிவும் அதுதான்.

தையல் என்றால் மரையாணித் தையல். நெருப்பே இல்லை. முதலில் வெடிப்பின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை, அதற்கு மேல் கோடு ஓடாமல் நிற்பதற்கு. பிறகு கோட்டின் மேல் துளையிட்டு, மரை வெட்டி, லேத்தில் கடைந்த ஆணியைச் சீலன்ட் தடவி முறுக்கி, மேல்பகுதியை அறுத்துவிட்டு, அடுத்த துளையை முதல் ஆணியையும் கொஞ்சம் தின்னுகிற மாதிரி போடுகிறார். இப்படி ஒன்றுக்குள் ஒன்று ஏறி ஏறி, கடைசியில் வெடிப்பு இருந்த இடம் முழுக்க ஆணியாகிவிடுகிறது. கோட்டுக்குக் குறுக்கே சில இடங்களில் வரிசையாகத் துளையிட்டு, அந்த வடிவத்திலேயே வெட்டிய இரும்புப் பூட்டை அடித்து இறுக்குகிறார். ஆணி தண்ணீரை அடைக்கும், இரண்டு பக்கமும் பிரியாமல் பிடிப்பது பூட்டு. பழைய வெல்டிங் கிடந்த இடம்தான் ஆகக் கஷ்டம், டிரில் பிட் உள்ளே இறங்காமல் மேலே வழுக்கியது. கிரைண்டரால் தேய்த்து மிருதுவான இரும்பு வரும்வரை போய், அந்த இடத்துக்கு மட்டும் பருமனான ஆணி போட்டார். நல்ல இரும்பில் துளை விழும்போது சுருள் வரவில்லை, கறுப்புத் தூள்தான் கொட்டியது, தொட்டால் விரலில் பென்சில் கரிபோல ஒட்டியது. அது கிராஃபைட்தான்.

முடிந்ததும் ஜாக்கெட்டின் வாய்களை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, சுடுதண்ணீர் நிரப்பி, பம்பால் 30 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி வைத்தார். இரண்டு இடத்தில் கசிந்தது. முகம் சுளிக்காமல் அந்த ஆணிகளைக் கழற்றிப் புதிதாகப் போட்டு, மறுபடி ஏற்றினார். பிறகு மீட்டர் முள் அசையவில்லை. ஹெட்டையும் கூடவே கொண்டுவரச் சொல்லியிருந்தார், சூடேறிய எஞ்சினில் ஹெட் வளையாமல் இருப்பது அபூர்வம் என்று. எங்களுடையதும் வளைந்திருந்தது, மட்டம் பார்த்துச் சீவித் தந்தார்.

இந்த வேலையை எங்கே பழகினீர்கள் என்று கேட்டதற்கு, வாப்பாவிடம் என்றார். வாப்பா வெள்ளைக்காரன் காலத்து டொக்யார்டில் ஃபிட்டராக இருந்தவராம். 1957-இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்விட்டது, கப்பல் எஞ்சினைத் தைத்த கை மட்டும் இங்கே தங்கி, இப்போது கொட்பே மீன்பிடிப் படகுகளுக்கும் எங்கள் உழவு மெசினுக்கும் உதவுகிறது. அதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. அவரிடம் இப்போது பழகுகிற பையன் ஒருவன்தான், அது கவலை.

எல்லாவற்றையும் எடுக்கிறவர் அல்ல. நான் நிற்கும்போதே ஒரு படகு எஞ்சினைத் திருப்பி அனுப்பினார். கடல்தண்ணீரை நேரே ஓடவிட்ட எஞ்சின், உள்ளே கறள் தின்று சுவர் தகடாகியிருந்தது, மரை பிடிக்க இரும்பே இல்லை. கிராங்க் உட்காரும் பேரிங் பகுதியில் வெடித்திருந்தாலும் தொட மாட்டார். சிலிண்டருக்குள் வெடிப்பு என்றால் உள்ளே லைனர் என்கிற குழாய் போடுகிற கதை, அது தனி. எபொக்சி பூசித் தாருங்கள் என்று கேட்டால் கோபம் வரும். ரேடியேட்டருக்குள் ஊற்றுகிற சீலர் போட்டுக் கொண்டுவந்தால் இன்னும் கோபம் வரும், ஏனென்றால் அது வெடிப்பை அடைக்கிறதோ இல்லையோ ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும்.

குறைகள். திகதி கேட்டால் "முடிஞ்சா சொல்றன்" மட்டும்தான், ஒரு கிழமை என்று நினைத்துப் போனால் அதற்கு மேல் இழுக்கும், உழவு நேரத்தில் அது பெரிய கஷ்டம். போன் எடுக்கவே மாட்டார். பில் எழுதித் தருவதில்லை, உத்தரவாதம் வாயால்தான். எஞ்சினைத் திரும்பப் பூட்டித் தருவதும் இல்லை. கூலி சும்மா வெல்டிங்கைவிட நன்றாகக் கூட, ஆனால் செகண்ட் ஹேண்ட் புளொக்குக்கு எங்களிடம் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. பழைய புளொக் வாங்கினால் அதற்குள் என்ன வெடிப்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பூட்டி, மிச்ச உழவு முழுக்க ஓடிவிட்டது. தண்ணீர் குறையவில்லை, தைத்த இடம் காய்ந்தே இருக்கிறது. இப்போது கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுக் கூலன்ட் ஊற்றுகிறோம். இங்கே உறைபனி இல்லை, ஆனால் கறள் பிடிக்காமல் இருக்க அது வேண்டும், அதிலும் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் உவர்க்கிணறு உள்ளவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டியிருக்கும். புளொக்கைக் கழுவி எண்ணெய் போக்கிக் கொண்டுபோனால் அந்தக் கூலி மிச்சம். ஹெட்டை மறக்க வேண்டாம். இதற்கு முன் யாராவது வெல்டிங் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.