மலையேற்றப் பந்தயத்துக்கு சிவிக் ரைப் ஆர்: யாழ்ப்பாணத்தில் வாங்க முன் பார்க்க வேண்டியவை

ஹோண்டா சிவிக் ரைப் ஆர், அதாவது இகே9, 1997 இலிருந்து 2000 வரை ஜப்பான் சந்தைக்கு மட்டும் வந்த கார். 1595 சிசி பி16பி எஞ்சின், 8200 சுற்றில் 185 குதிரைவலு, எடை 1100 கிலோவுக்கும் குறைவு. எண்களைப் பார்த்தால் மலைக்கென்றே செய்தது போலத்தான் தெரியும்.

ஆனால் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்டைப் பந்தயம் நடக்கும் நுவரெலியா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. ரேர்போ இல்லாத இகே9 போன்ற எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். 185 என்பது 150 அளவில் வந்து நிற்கும். ரேர்போ உள்ள லான்சர் எவலூஷனுக்கோ இம்பிரேசாவுக்கோ இந்த நட்டம் குறைவு. இகே9 இன் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும், அதனால் எஞ்சின் ஒழுங்காக ஓடும். போன வலு மட்டும் திரும்பாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி துரொட்டில் போட்டு, காற்றழுத்தத்தைக் கணக்கில் எடுக்காமல் யாழ்ப்பாணத்திலேயே ரியூன் செய்த கார் அங்கே பெற்றோல் கூடி இருமும்.

பெரிய பிரச்சினை வலு அல்ல, பிடி. முன்சில்லு இழுக்கும் காரில் ஏற்றம் வந்ததும் பாரம் பின்னுக்குப் போய்விடும். கொண்டை ஊசி வளைவில் உட்பக்க முன்சில்லு தரையை விட்டால், கம்பனி போட்ட ஹெலிக்கல் எல்எஸ்டி, அதாவது ஒரு சில்லு மட்டும் வீணாய்ச் சுற்றாமல் தடுக்கும் டிபரென்ஷியல், கையை விரித்துவிடும். இரண்டு சில்லிலும் கொஞ்சமாவது பிடி இருந்தால்தான் அது வேலை செய்யும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் பின் அன்ரிறோல் பாரைத் தடிப்பாக்கினால் உட்பக்கப் பின்சில்லு தூக்கும், முன்சில்லு தரையில் நிற்கும். அதுவும் போதாவிட்டால், ஒரு சில்லு தூக்கினாலும் வேலை செய்யும் பிளேற் எல்எஸ்டி. எஞ்சின் வலுவைக் கூட்டும் காம்ஷாப்ற் வாங்க ஒதுக்கிய காசை இதில் போடுவதுதான் புத்தி.

ஓட்டம் குறுகியது, சூடேற்றச் சுற்றும் இல்லை. சூடேறினால்தான் பிடிக்கும் றேஸ் பிறேக் பாட்களும் ரயர்களும் முதல் வளைவிலேயே காலை வாரும். யோகோகாமா அட்வான் ஏ052 கெதியில் சூடேறும். கெதியில் தேயவும் செய்யும்.

வாங்கும்போது முதலில் சேசிஸ் இலக்கம். அது இகே9 என்று தொடங்க வேண்டும். சிவப்பு றெக்காரோ சீற்றையும் பட்ஜையும் எந்தச் சிவிக்கிலும் பூட்டலாம். பிறகு பின் மட்காட் வளைவும் பெற்றோல் மூடியைச் சுற்றிய இடமும்: உப்புக் காற்றில் துரு உள்ளிருந்து வரும், பெயின்ற் பொங்கியிருந்தால் விலையைக் குறையுங்கள். சூடானதும் நின்று, ஆறினதும் ஸ்ராட் ஆகும் எஞ்சினென்றால் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னைற்றரில் சந்தேகம். உயர் சுற்றில் மூன்றாம் கியர் கரகரத்தால், கியரை மென்மையாக விழவைக்கும் சிங்குரோ தேய்ந்துவிட்டது. பிறேக் அடிக்கையில் பின்பக்கம் அலைந்தால் பின்சில்லைத் தாங்கும் ரெயிலிங் ஆமின் இறப்பர் புஷ் கிழிந்திருக்கும். வால்வ் இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இன்ரேக் 0.15–0.19, எக்சோஸ்ட் 0.17–0.21 மி.மீ.

ஜப்பானின் 100 ஒக்டேனை நினைத்துச் செய்த எஞ்சின் இது. 92 அடிக்கவே கூடாது. எங்கள் வெயிலில் 95 இலும் நொக் தட்டலாம், அதாவது பெற்றோல் நேரம் தவறி வெடிக்கலாம். மலையில் அந்தப் பயம் குறைவு.

கியர்பெட்டி மாற்றிய கார்களும் கைமாறுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஏ9 இல் நேராக மிதித்துப் பார்த்தும் எதுவும் தெரியாது. ஆளில்லாத வெளியில் இரண்டாம் கியரில் ஸ்ரியறிங்கை நன்றாக வெட்டி முழுதாக மிதியுங்கள். உட்பக்கச் சில்லு மட்டும் புகைந்து சுற்றினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் எல்எஸ்டி இல்லாத சாதாரண சிவிக் பெட்டி.