கேட்டகால் வளையத்தை உடைக்க எந்த நொதி: ஆர்த்தோவா, மெட்டாவா?

ஃபீனால், பென்சீன், டொலுவீன், நாஃப்தலீன் என்று பல அரோமேட்டிக் (கார்பன் வளையம் கொண்ட) நச்சுகளைப் பாக்டீரியாக்கள் முதலில் கேட்டகாலாகவோ (பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்த கார்பன்களில் இரண்டு ஹைட்ராக்சில், அதாவது OH, தொகுதிகள் உள்ள சேர்மம்) அதன் நெருங்கிய உறவான ஒரு சேர்மமாகவோ மாற்றிக்கொள்கின்றன. அப்புறம்தான் வளையத்தை உடைக்கின்றன. அந்த இடத்தில் இரண்டு நொதிகள் போட்டிக்கு நிற்கின்றன. கேட்டகால் 1,2-டைஆக்சிஜனேஸ், இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கு நடுவே வெட்டும். இது ஆர்த்தோ வெட்டு. கேட்டகால் 2,3-டைஆக்சிஜனேஸ் ஒரு கார்பன் தள்ளி வெட்டும். இது மெட்டா வெட்டு. குளோரோஃபீனாலும் கலந்த கழிவுநீருக்காக, ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) மணிகளுக்குள் அடைத்துப் பயன்படுத்த இவற்றில் ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆர்த்தோவை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பொதுவான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் போதும், என்ஏடிஎச் போன்ற விலை கூடிய துணைப்பொருள் வேண்டாம். அதனால்தான் செல்லை விட்டுப் பிரித்தெடுத்த பிறகும் இவை வேலை செய்கின்றன. ஆக்சிஜன் அணுக்கள் இரண்டும் நேராக வளையத்துக்குள் நுழைவதை ஆர்த்தோ நொதியை வைத்து உயிர்வேதியியலாளர் ஒசாமு ஹயாய்ஷி 1955-இல் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு காட்டினார்.

மெட்டாவுக்கு உள்ள பெரிய வசதி அதன் நிறம். கேட்டகாலை வெட்டியதும் பளிச்சென்ற மஞ்சள் நிறம் வரும். 375 நானோமீட்டரில் சுலபமாக அளக்கலாம், கண்ணாலேயே பார்க்கலாம். ஆர்த்தோ வெட்டில் வரும் மியூகோனிக் அமிலத்துக்கு நிறமில்லை. 260 நானோமீட்டரில் புறஊதாக் கருவி கொண்டுதான் பார்க்க வேண்டும், அதற்கு மிக அருகிலேயே கேட்டகாலும் ஒளியை உறிஞ்சும். அளப்பது மட்டும்தான் வேலை என்றால் மெட்டாவை எடுங்கள்.

ஆனால் மணிகளுக்குள் அடைத்து நாள்கணக்கில் ஓட்ட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நொதியின் நடுவில் உள்ள இரும்பு. மெட்டா நொதியில் இருப்பது ஃபெரஸ் (Fe²⁺) இரும்பு. அது காற்றுப் பட்டால் ஒரு எலக்ட்ரானை இழந்து ஃபெரிக்காக (Fe³⁺) மாறும், மாறியதும் நொதி செயலற்றுப்போகும். ஆர்த்தோ நொதியில் இருப்பதோ ஏற்கெனவே ஃபெரிக் இரும்பு. செறிவாகத் தூய்மைப்படுத்தினால் ஒயின் சிவப்பில் தெரியும். காற்று அதை இதற்கு மேல் என்ன செய்யப்போகிறது?

சிக்கல் எங்கே என்றால், வினைக்கே ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். ஒரு மூலக்கூறு கேட்டகாலுக்கு ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் என்ற கணக்கில் அது 28 மில்லிகிராம் கேட்டகாலுக்குத்தான் காணும். அதற்கு மேல் இருந்தால் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மெட்டா நொதிக்கு உணவும் அதே காற்று, எமனும் அதே காற்று.

காப்பாற்ற வழியில்லாமல் இல்லை. 10 சதவீத அசிட்டோன் சேர்த்தால் மெட்டா நொதி நிலைத்து நிற்கும் என்பது 1960-களிலிருந்தே தெரியும். சோதனைக்குழாயில் சரி, கழிவுநீரில் யார் அசிட்டோன் ஊற்றுவது? செயலிழந்த நொதியை ஃபெரஸ் உப்பும் அஸ்கார்பிக் அமிலமும் கொடுத்து எழுப்பவும் முடியும். ஆனால் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் காற்றை நிறுத்த வேண்டும், மிச்ச இரும்பு மணிகளுக்குள் துருவாகப் படியும், அஸ்கார்பிக் அமிலம் தண்ணீரின் கரிமச் சுமையைக் கூட்டும். சுத்தம் செய்யும் தண்ணீரிலேயே அழுக்கைச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆர்த்தோ நொதியும் சூட்டிலும் கடும் அமிலத்திலும் கெடும்தான். ஆனால் காற்றிலிருந்து அதைக் காப்பாற்ற தினமும் மெனக்கெட வேண்டியதில்லை.

அடுத்து குளோரின். குளோரோஃபீனால்களில் சில 3-குளோரோகேட்டகாலாக மாறும். அதை வழக்கமான மெட்டா நொதி வெட்டினால் அசைல் குளோரைடு என்ற வினைத்திறன் மிக்க சேர்மம் உருவாகி, நொதியையே பிடித்து முடக்கிவிடும். சூடோமோனாஸ் புடிடா ஜிஜே31 போன்ற சில பாக்டீரியாக்களின் மெட்டா நொதி இதைத் தாங்குகிறது, ஆனால் அது விதிவிலக்கு. ஆர்த்தோ பக்கம் குளோரோகேட்டகாலுக்கென்றே ஒரு வகை இருக்கிறது, குளோரோகேட்டகால் 1,2-டைஆக்சிஜனேஸ். வாங்கும்போதும் வளர்க்கும்போதும் அந்த வகையைத்தான் கேட்க வேண்டும். சாதாரண ஆர்த்தோ நொதி குளோரின் ஏறிய வளையத்தில் மிகவும் மந்தமாகத்தான் வேலை செய்யும்.

என் அனுபவம் ஆய்வக அளவோடு நிற்கிறது. பெரிய தொட்டியில் மணிகள் எத்தனை நாள் தாங்கும் என்று என்னை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இன்னொன்று, உயிருள்ள பாக்டீரியாவையே பயன்படுத்தினால் கணக்கு மாறும். சூடோமோனாஸ் புடிடா எம்டி-2 தன் டிஓஎல் பிளாஸ்மிடில் (டொலுவீனை உடைக்கும் ஜீன்களைச் சுமக்கும் தனி டிஎன்ஏ வளையம்) மெட்டா நொதியோடு ஒரு ஃபெரடாக்சினுக்கான (எலக்ட்ரானைக் கடத்தும் புரதம்) ஜீனையும் வைத்திருக்கிறது. ஃபெரிக்காக மாறிய இரும்பை அந்தப் புரதம் மறுபடி ஃபெரஸாக்கிக் கொடுக்கும், நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கழிவில் டொலுவீனும் சைலீனும் மட்டும் இருந்தால் அங்கே மெட்டாதான் சரி, ஏனென்றால் மீத்தைல் ஏறிய கேட்டகாலை ஆர்த்தோ வழியில் விட்டால் அது பெரும்பாலும் மீத்தைல்மியூகோனோலாக்டோனாகி அப்படியே தேங்கிவிடும். மீத்தைலும் குளோரினும் சேர்ந்து வந்தால்? 1987-இல் ஒரு ஆய்வுக்குழு, பி13 என்ற சூடோமோனாஸில் வேறு பாக்டீரியாக்களின் ஜீன்களைச் சேர்த்து, தேங்கும் அந்த லாக்டோனையும் கரைக்க வைத்து, இரண்டு வகையையும் ஆர்த்தோ வழியிலேயே உடைத்துக் காட்டியது.